இடது காலின் எடை

பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க முதல் ஆளாக ஓடுகிறவன் வேலப்பன். தங்கச்சி புருஷனுக்கு வேலையில் உயர்வு வந்தபோது தெரு முழுக்க லட்டு கொடுத்தவன். அவனைப் பொறாமைக்காரன் என்று சொன்னால் எர்ணாவூரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். ஆனால் சௌக்கத் அலி சட்டையைக் கழற்றி உதறினால் போதும், வேலப்பனுக்கு அடிவயிற்றில் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி இருக்கும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முப்பது வருஷமாக.

இரண்டு பேருக்கும் ஐம்பத்தொரு வயது. துறைமுகத்தில் ஒரே கேங்கில் வேலை. கப்பலில் அடுக்கின கண்டெய்னர்கள் கடலில் சரிந்துவிடாமல் நீள நீளமான இரும்புக் கம்பிகளால் முறுக்கிக் கட்ட வேண்டும். கப்பல் கரைக்கு வந்ததும் அதையே அவிழ்க்க வேண்டும். லாஷிங் என்று பேர். பதினோரு பேர் உள்ள அந்தக் கேங்குக்கு வேலப்பன்தான் மேஸ்திரி. யார் மேலே ஏற வேண்டும், யார் கீழே நிற்க வேண்டும் என்று சொல்கிறவன் அவன். சௌக்கத் அலி மேலே ஏறுகிறவன். மேஸ்திரி ஆனதில் வேலப்பனுக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை.

கதை திருவொற்றியூரில், தகரக் கொட்டகை போட்ட ஒரு உடற்பயிற்சிக் கழகத்தில் ஆரம்பித்தது. பதினேழு வயதில் முதலில் அங்கே போய்ச் சேர்ந்தவன் வேலப்பன். தண்டையார்பேட்டைத் தையல்காரர் மகன் சௌக்கத்தைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனவனும் அவனே. வேலப்பன் இரண்டு வருஷம் வியர்வை சிந்தி வாங்கின தோளையும் நெஞ்சையும் சௌக்கத் ஐந்தே மாதத்தில் வாங்கிவிட்டான். ராயபுரத்தில் நடந்த ஆணழகன் போட்டியில் சௌக்கத் முதல், வேலப்பன் இரண்டாவது. வித்தியாசம் அரை மார்க். மேடையிலேயே சௌக்கத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான் வேலப்பன். ஜனங்கள் கைதட்டினார்கள். பெரிய மனசு என்றார்கள். அன்றைக்குச் சாப்பிட்ட பிரியாணி தனக்கு இன்றுவரை செரிக்கவில்லை என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

நாற்பது தாண்டியதும் வேலப்பனுக்குத் தொப்பை விழுந்தது. விடிகாலையில் எழுந்து கடற்கரைச் சாலையில் நடந்தான். கேழ்வரகுக் கூழ், கோதுமை தோசை, சர்க்கரை போடாத டீ. தொப்பை அசையவில்லை. சௌக்கத்தோ பரோட்டா தின்றான், பாயா குடித்தான், மனைவி பதுருன்னிசா செய்கிற தம்ரூட் என்கிற ரவை இனிப்பை நெய் சொட்டச் சொட்டக் கேங்குக்கே கொண்டுவந்து கொடுத்துத் தானும் தின்றான். உடம்பில் ஒட்டவே இல்லை. வயிறு பலகை மாதிரி, புஜத்தில் நரம்பு கொடி மாதிரி.

ஒரு ரம்ஜானுக்கு சௌக்கத் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது வேலப்பன் மனைவி புஷ்பவல்லி சும்மா சொன்னாள்: "பாய் உன் பக்கத்துல நின்னா உன் தம்பி மாதிரி கீறார்யா."

அவளோடு இரண்டு நாள் பேசவில்லை வேலப்பன். எதற்கென்று அவளுக்குப் புரியவும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் கார்குழலி என்று ஒரு பெண் துறைமுகத் தொழிலாளர்களின் ஓய்வுக் கொட்டகைக்கு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மூட்டை தூக்குகிறவர்கள், கம்பி முறுக்குகிறவர்கள் உடம்பில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம்.

"எடையையும் உயரத்தையும் மட்டும் வச்சிப் பார்த்தா ஏமாந்துடுவோம்யா," என்றாள். "பார்க்க ஒல்லியா இருப்பாங்க, உள்ள குடலைச் சுத்திக் கொழுப்பு இருக்கும். தொப்பையா இருக்கறவங்களுக்கு நல்ல சதை இருக்கும். டெக்சா ஸ்கேன்ல படுத்தா எல்லாம் தனித்தனியா தெரிஞ்சிடும்."

வேலப்பன் காதில் அது தேனாகப் பாய்ந்தது. ஒல்லியாக இருப்பவனுக்கு உள்ளே கொழுப்பு! முப்பது வருஷமாகக் கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரு மிஷின் பொய் என்று சொல்லப்போகிறது. ஊசி போடுவார்களோ, ரத்தம் எடுப்பார்களோ என்று தயங்கினவர்களை எல்லாம் அவனே பேசி, பதினோரு பேரையும் கையெழுத்துப் போட வைத்தான். வேலை நேரத்தில் எல்லாரும் செல்போனைக் கேட்டில் ஒப்படைத்துவிட வேண்டும், மேஸ்திரி மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதனால் பதினோரு பேருக்கும் தன் நம்பரையே எழுதிக் கொடுத்தான்.

ஸ்கேன் எடுத்த அன்று கல்லூரி வேனிலேயே போனார்கள். குகை மாதிரி மிஷின் இருக்கும் என்று பயந்தது வீண். சாதாரணக் கட்டில் மாதிரிதான் இருந்தது. அதன் மேலே ஒரு இரும்புக் கை. ஆள் மல்லாந்து படுத்தால் அந்தக் கை தலையிலிருந்து கால்வரை மெதுவாக ஊர்ந்து போனது. பத்து நிமிஷம். வலியில்லை, சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

வேலப்பன் படுத்ததும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"சார், மூச்சை இயல்பா விடுங்க," என்றார் ஸ்கேன் எடுக்கிறவர். "எக்கிப் பிடிச்சாலும் கொழுப்பு எங்கயும் போகாது."

கம்ப்யூட்டரில் படம் வந்தது. கொழுப்பு மஞ்சள், சதை சிவப்பு, எலும்பு வெள்ளை. வேலப்பன் உருவம் மஞ்சள் நீராட்டுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. முப்பத்து நாலு சதவீதம் கொழுப்பு. அடுத்துச் சௌக்கத். சிவப்பு உடம்பைச் சுற்றி மஞ்சள் ஒரு நூல் ஓட்டின மாதிரி.

"அம்பத்தோரு வயசுல பதிமூணு பர்சன்ட்டா!" ஸ்கேன்காரர் எழுந்தே விட்டார். "பாய், உங்க படத்தைப் பெருசா போட்டு வெளிய சுவத்துல ஒட்டணும்."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் வேலப்பன்.

திரும்பி வரும்போது வேனில் அவனுக்கு 'முப்பத்தி நாலு' என்று பேர் வைத்துவிட்டார்கள். சௌக்கத் அவன் தோளில் கை போட்டு, "வுடு மாமு, மிஷின் இன்னா சாமியா? உன் கைல கீற பலம் இவனுங்களுக்கு வருமா?" என்றான். அந்த ஆறுதல்தான் வேலப்பனை அதிகம் எரித்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே வாரம் திருவொற்றியூர் ரயில் ஸ்டேஷனில் இரண்டு பேரும் படி ஏறிக்கொண்டிருந்தார்கள். எப்போதும் முன்னால் போகிற சௌக்கத் அன்று பின்தங்கினான். அவனுடைய இடது செருப்பு ஒவ்வொரு படியிலும் சரக் சரக் என்று உரசியது.

"இன்னா பாய், வயசாவுதா?"

"செருப்பு தேஞ்சிகீது மாமு. வேற வாங்கணும்."

மீதிப் படிகளை வேலப்பன் இரண்டு இரண்டாகத் தாண்டினான். மேலே போய் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி சௌக்கத் ஏறி வருவதைப் பார்த்தான். அன்று முழுக்க வாயில் கற்கண்டு போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. கப்பல் நிற்கும் மேடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வேலப்பனுக்குப் போன் வந்தது. டாக்டர் கார்குழலி.

"மேஸ்திரி சார், மத்தவங்க ரிப்போர்ட்டை எல்லாம் அனுப்பிடறோம். சௌக்கத் அலி ரிப்போர்ட் மட்டும் வித்தியாசமா இருக்கு. அவரை இந்த வாரமே வரச் சொல்லுங்க. நேர்லதான் பேசணும்."

என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே அவனுக்கு இல்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சௌக்கத்தின் படம், பக்கத்தில் டாக்டர்கள் கூட்டம், பேப்பரில் பேட்டி. ஒரு நொடியில் எல்லாம் கண் முன்னால் வந்துவிட்டது. சௌக்கத் பத்தடி தள்ளி கண்டெய்னரில் சாய்ந்து பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு மாமு?"

"ராங் நம்பர்."

வெள்ளிக்கிழமை மறுபடியும் கூப்பிட்டாள். "சொன்னீங்களா சார்?"

"சொல்ட்டேன் மேடம். கப்பல் மேல கப்பலா வந்துகினு கீது. முடிச்சிட்டு வரேன்னாரு."

பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. அவனுக்கே ஆச்சரியம். அன்று ஜும்மா தொழுகை முடிந்து வந்த சௌக்கத் பெரிய டிபன் டப்பாவைத் திறந்து, "உனக்குன்னு என் வூட்டுக்காரி கொழுப்பு இல்லாத கறியாப் பாத்துப் போட்டு வச்சிருக்கா" என்று நீட்டினான். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. கொழுப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் திரும்ப உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு டாக்டரும் கூப்பிடவில்லை. இனிச் சொன்னால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பான். எனவே சொல்லாமல் இருப்பதே சுலபமாகிப் போனது.

முதல் போன் வந்த பத்தொன்பதாம் நாள். காலை முதல் கப்பல். சௌக்கத் இரும்பு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். மேல்தட்டுக்குப் போனால்தான் பாதுகாப்பு பெல்ட்டை மாட்ட முடியும், அதற்கு இன்னும் இரண்டு படி இருந்தது. அவனுடைய இடது கால் விரல்கள் படியின் அடியில் மாட்டின. தூக்கப் பார்த்தான். கால் வரவில்லை. எட்டடி உயரத்திலிருந்து இரும்புத் தளத்தில் விழுந்தான்.

அந்தச் சத்தத்தை வேலப்பன் முதுகால் கேட்டான். திரும்பிப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

வலது குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தது, விலாவில் இரண்டு விரிசல். ஆம்புலன்ஸில் வேலப்பன் கூடவே போனான். சௌக்கத் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி பேசினான்.

"மாமு, செருப்பு தேயல. இடது காலு நான் சொன்னா கேக்க மாட்டுது. நாலு மாசமா அப்டித்தான் கீது. உன்கிட்ட சொன்னா மேல ஏத்த மாட்டியேன்னு சொல்லல."

வித்தியாசமா இருக்கு என்று அந்த டாக்டர் சொன்னது, அப்போதுதான் வேலப்பனுக்கு உள்ளபடி புரிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னான். தான் செய்ததையும் சொன்னான்.

"ஸ்கேன்ல ஒவ்வொரு கை காலையும் தனித்தனியா எடை போட்ட மாதிரி தெரியும் சார்," என்றாள் டாக்டர். "அவர் இடது கால்ல, வலது காலைவிட ஒண்ணே முக்கால் கிலோ சதை கம்மி. அப்படிக் குறையவே கூடாது. முதுகுல நரம்பு எங்கயோ அமுங்குதுன்னு பயந்துதான் கூப்பிட்டேன். உங்ககிட்டயே விட்டுட்டு நானும் சும்மா இருந்திருக்கக் கூடாது."

அன்று சாயங்காலமே அவள் ரிப்போர்ட்டோடு வந்தாள். முதுகை ஸ்கேன் செய்தார்கள். இடுப்புக்கு மேலே நரம்பை ஒட்டி, சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. புற்று இல்லை, எடுத்துவிடலாம். ஆனால் செத்த சதை எவ்வளவு திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

"பத்தொம்பது நாளு முன்ன வந்திருந்தா?" என்று வேலப்பன் கேட்டான்.

"நரம்புக்குப் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. ஆனா அவரை ஏணியில ஏற விட்டிருக்க மாட்டோம்."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை. சௌக்கத் படுக்கையில் சாய்ந்திருந்தான். பதுருன்னிசா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். வேலப்பன் உட்காரவில்லை.

"பாய், அன்னைக்கு வந்தது ராங் நம்பர் இல்ல. டாக்டரம்மா. உன்னை வரச் சொல்லி ரெண்டு வாட்டி போன் பண்ணாங்க. நான் சொல்லல."

சௌக்கத் புரியாமல் பார்த்தான். "மறந்துட்டியா?"

"மறக்கல."

"பின்ன எதுக்கு?"

"உன் படத்தை சுவத்துல ஒட்டப்போறாங்கன்னு நெனச்சேன்."

பதுருன்னிசாவின் கை நின்றது. சௌக்கத்துக்குக் கோபம் வரும், கத்துவான் என்று வேலப்பன் காத்திருந்தான். சௌக்கத் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"வேலப்பா, வெளிய போ."

இத்தனை வருஷத்தில் அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. படிக்கட்டுவரை பதுருன்னிசா பின்னால் வந்தாள். "அண்ணே, அவரு உங்களைக் கூடப் பொறந்தவரா நெனச்சிருந்தாரு," என்றாள். அழவில்லை. "இனிமே எங்க வூட்டுக்கு வராதீங்க."

வேலப்பன் போகவில்லை. கேங்கில் எல்லாரையும் உட்கார வைத்து நடந்ததைத் தானே சொன்னான். இரண்டு பேர் அவனோடு பேசுவதை நிறுத்தினார்கள். மேஸ்திரி வேலையை விட்டுக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஏணியில் ஏற ஆரம்பித்தான். தொப்பையோடு ஏறுவது கஷ்டமாக இருந்தது, ஏறினான்.

புஷ்பவல்லி ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "தம்பி மாதிரி கீறார்னு நான் சொன்னேனே, அதனாலயாய்யா?"

"இல்ல புஷ்பா. நீ சொல்றதுக்கு முன்ன இருந்தே கீது."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, குதிகாலும் கூடிவந்தது என்று மற்றவர்கள் மூலம் தெரிந்துகொண்டான். மூன்று மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சௌக்கத்திடமிருந்து போன் வந்தது. "வூட்டுக்கு வா. மாடிக்கு நேரா வந்துடு." அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

தண்டையார்பேட்டையில் அந்த வீட்டு மொட்டைமாடியில் சௌக்கத் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வேலப்பன் பார்த்துத் திடுக்கிட்டான். இடது கெண்டைக்கால் குச்சியாக இருந்தது. பாதத்தில் ஒரு சின்ன மணல் மூட்டை, அரைக் கிலோ இருக்கும், துணியால் கட்டியிருந்தது.

"இருவது வாட்டி பாதத்தைத் தூக்கி எறக்கணுமாம். இந்த மாதிரி மூணு தரம். தெனிக்கும்," என்றான் சௌக்கத், அவனைப் பார்க்காமல். "வூட்டுக்காரியை எண்ணச் சொன்னா பதினாலுக்கே இருவதுன்றா. பையன் பாதி தூக்குனாலும் மாஷா அல்லாஹ்ன்றான். வர்றவன் போறவன் எல்லாம் சூப்பரா கீது பாய்ன்றான். எனக்குத் தெரியாதா, காலு தூக்கலன்னு? நீ ஒருத்தன்தான் எனக்கு ஒண்ணு கூடப் போட மாட்டே. எண்ணு."

"பாய், என்னை மன்னிச்சிட்டியா?"

"அதப் பத்தி நான் பேசல. எண்ணு."

வேலப்பன் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தப் பாதத்துக்கு நேராகக் கண்ணை வைத்தான். முதல் நாள் இருபது எண்ணி முடிக்கச் சௌக்கத் முப்பத்தேழு முறை தூக்க வேண்டியிருந்தது. பதினேழை வேலப்பன் கணக்கில் சேர்க்கவில்லை. சௌக்கத் கெட்ட வார்த்தையில் திட்டினான். வேலப்பன் மசியவில்லை.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் போனான். பதுருன்னிசா அவனோடு பேசவில்லை. டீயைக் கொண்டுவந்து கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுப் போவாள். அரைக் கிலோ மூட்டை முக்கால் ஆயிற்று, ஒன்றாயிற்று, ஒன்றரை ஆயிற்று. கப்பலில் ஏற இனிமேல் முடியாது என்று ஆனதால், கம்பிகளும் பெல்ட்டுகளும் வைக்கிற அறையில் சௌக்கத்துக்கு வேலை மாற்றிக் கொடுத்தார்கள். லேசாகக் காலை இழுத்து நடந்தான். ஆனால் நடந்தான்.

எட்டு மாதம் கழித்து இரண்டு பேரும் மறுபடி ஸ்கேனுக்குப் போனார்கள். டாக்டர் கார்குழலி இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வேலப்பனுக்குக் கொழுப்பு முப்பத்தொன்று. அதை அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். சௌக்கத்தின் இடது காலுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். எழுநூறு கிராம் சதை திரும்பி வந்திருந்தது. இந்த வயதில் இவ்வளவு வருமென்று தாங்கள் நினைக்கவே இல்லை என்றாள். இரண்டு டாக்டர்களும் சௌக்கத்தோடு கைகுலுக்கினார்கள். வேலப்பன் பக்கத்திலேயே நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பவல்லி, "இன்னா ஆச்சி?" என்றாள்.

"எழுநூறு கிராம் ஏறிடிச்சி அவனுக்கு."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "உனுக்கு சந்தோசமா, வயித்தெரிச்சலா?"

வேலப்பன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். யோசித்தான். இந்தத் தடவை பொய் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

"ரெண்டும் கீது," என்றான்.

மறுநாள் வழக்கம்போலப் போனான். மூட்டை இரண்டு கிலோ. மாடியில் உப்புக் காற்று அடித்தது. சௌக்கத் பல்லைக் கடித்துக்கொண்டு பாதத்தைத் தூக்கினான்.

"பதிமூணு," என்றான் சௌக்கத்.

"பன்னெண்டு. கட்டை விரலு மேல வரல."

"வந்திச்சிடா!"

"வரல பாய். தூக்கு."